பள்ளி தேடும் பெற்றோர்: லிங்கராஜபுரத்தை முன்வைத்து

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூருவின் லிங்கராஜபுரத்தில் மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். எந்தப் பள்ளியில் விண்ணப்பம் கொடுக்கிறார்கள், எல்.கே.ஜி.க்கு எவ்வளவு கேட்கிறார்கள், வேன் தெருமுனை வரை வருமா, பக்கத்து வீட்டுப் பெண் அங்கேதானே படிக்கிறாள், அவள் இங்கிலீஷ் பேசுகிறாளா? தாத்தா பாட்டி முதல் அண்டை அயலார் வரை எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கும். கடைசியில் முடிவெடுத்துக் கடன் வாங்கிப் பணம் கட்டுபவர்கள் அப்பாவும் அம்மாவும். ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் எடுக்கும் பெரிய முடிவுகளில் ஒன்று இது. ஆனால் இதற்குக் கையில் கிடைக்கும் தகவலோ மிகக் குறைவு. அந்தப் பற்றாக்குறையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

லிங்கராஜபுரம் இப்படி ஓர் ஆய்வுக்குப் பொருத்தமான இடம். காக்ஸ் டவுன், செயின்ட் தாமஸ் டவுன், கம்மனஹள்ளி, ஹென்னூர் சாலை ஆகியவற்றை ஒட்டிய இந்தப் பகுதியில் தமிழ், கன்னடம், மலையாளம், தெலுங்கு, உருது எல்லாம் ஒரே தெருவில் காதில் விழும். 1809-ல் ஆங்கிலேயர் பெங்களூரில் படைத் தண்டு (கன்டோன்மென்ட்) அமைத்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து படையோடும் படைக்குப் பணிசெய்யவும் வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் தண்டைச் சுற்றிய பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். பின்னாளில் வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்களும் இங்கே குடியேறினார்கள். தண்டோடு வந்த இன்னொன்று மிஷன் பள்ளிகள். பாதிரிமாரும் கன்னியாஸ்திரீகளும் நடத்திய அந்தப் பள்ளிகளால்தான் ‘கான்வென்ட்’ என்ற சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் இத்தனை மதிப்பு. பெற்றோர் பள்ளியை எடைபோடும்போது முதலில் கையிலெடுக்கும் படிக்கல்லும் அதுவே.

எனவே ஆங்கிலத்திலிருந்து தொடங்குவோம். பிள்ளை எந்த மொழியில் படிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்ற வழக்கு கர்நாடகத்தில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் கோகாக் குழு அறிக்கையும் அதை ஒட்டிய கிளர்ச்சியும் கன்னடத்துக்கு முதலிடம் கேட்டன. 1994-ல் மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை தாய்மொழியில் அல்லது கன்னடத்தில்தான் கற்பிக்க வேண்டும் என்றது அந்த ஆணை. தனியார் பள்ளிகள் நீதிமன்றம் போயின. 2008-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் 2014 மே 6 அன்று, தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, தொடக்கக் கல்வியின் மொழியைத் தேர்வது குழந்தையின் சார்பில் பெற்றோருக்கு உள்ள உரிமை, அரசு அதைத் திணிக்க முடியாது என்று முடிவாகச் சொல்லியது.

தீர்ப்பு சரியானது என்பதே என் எண்ணம். லிங்கராஜபுரத்துத் தமிழ்க் குடும்பத்துக்கு அந்த 1994 ஆணை என்ன செய்தது என்று யோசித்தால் இது புரியும். தாய்மொழி தமிழ், அக்கம்பக்கத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் குறைந்துகொண்டே போகின்றன, கன்னடவழியில் சேர்த்தால் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, ஆங்கிலவழியோ சட்டப்படி கூடாது. வசதி படைத்தவர்கள் மட்டும் வேறு பாடத்திட்டத்துப் பள்ளிகளில் வழி கண்டுபிடித்தார்கள். ஏழைப் பெற்றோர் ஆங்கிலத்தைக் கேட்டதை மோகம் என்று எழுதியவர்கள் பலர். வேலைக்கான நேர்காணல் எந்த மொழியில் நடக்கிறது என்பதை அந்தப் பெற்றோர் தம் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பெங்களூருவில் ஆங்கிலம் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் உள்ள சம்பள வித்தியாசம் அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் உரிமை கிடைத்துவிட்டதால் தேர்வு சரியாக அமைந்துவிடும் என்பதில்லை. பலகையில் ‘இங்கிலீஷ் மீடியம்’ என்று எழுதியிருப்பதற்கும் வகுப்பறையில் ஆங்கிலம் நடப்பதற்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. குறைந்த கட்டணப் பள்ளிகள் பலவற்றில் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், ஆசிரியர் விளக்குவது கன்னடத்திலோ தமிழிலோ இருக்கும், பிள்ளை எழுதுவது கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதிய கேள்வி பதில். அதுதான் மாலை டியூஷனில் மனப்பாடமாகிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், புத்தகத்தில் ஆங்கிலம் என்று ஒரே ஆண்டில் மூன்று எழுத்துகளோடு மோதும் குழந்தைக்கு ஏதாவது ஒரு மொழியிலாவது தடையின்றி வாசிக்கும் பழக்கம் எட்டு வயதுக்குள் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் எல்லாப் பாடமும் தடுமாறும்.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் பிரிக்கப்படாத ஆந்திரத்தின் 180 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, தனியார் பள்ளியில் படிக்கப் பணச்சீட்டு கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, சீட்டு கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் தெலுங்கிலும் கணக்கிலும் வேறுபாடு இல்லை. ஆங்கிலத்திலும் சொல்லும்படியான முன்னேற்றம் தெரியவில்லை, இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் தெளிவாக முன்னே இருந்தார்கள். 2015-ல் வெளியான இந்த முடிவைத் தனியார் பள்ளியால் பயனில்லை என்று படிப்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். அந்தப் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செலவிட்ட தொகை அரசு செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே ஒதுக்கி அதே அளவு கற்பித்தன, மிச்ச நேரத்தில் இந்தியைச் சேர்த்துக் கொடுத்தன. குறைந்த செலவில் அதே அளவு படிப்பு என்பது அரசுப் பள்ளி நிர்வாகத்தின் மேல் வைக்கப்படும் கடுமையான குற்றச்சாட்டு. கூடவே ஓர் அறிகுறியும் தென்பட்டது: தெலுங்குவழியிலிருந்து ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கு மாறியவர்களைவிட, தெலுங்குவழித் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் பாடங்களில் தேறினார்கள். ஆய்வாளர்களே இதை உறுதியான முடிவாகச் சொல்லவில்லை. என்றாலும் நடுவில் வழிமொழி மாறும் பிள்ளையின் பெற்றோர் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

ஆங்கிலத்துக்கு அடுத்தபடி பெற்றோர் பார்ப்பது ரிசல்ட். பள்ளி வாசலில் கட்டும் பேனரில் எஸ்.எஸ்.எல்.சி. முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளைகளின் படமும், நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற வரியும் இருக்கும். இந்த எண் எவ்வளவு நம்பத்தக்கது என்பதைக் கர்நாடகம் அண்மையில் பாடமாகக் கற்றது. 2023-ல் மாநில எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 83.89 சதவீதம். 2024-ல் தேர்வறைகளில் கேமரா வைத்து நேரலையாகக் கண்காணித்தார்கள். தேர்ச்சி 73.40 சதவீதமாக இறங்கியது. அதுவும் கருணை மதிப்பெண்ணைப் பத்திலிருந்து இருபது சதவீதமாக உயர்த்திக் கொடுத்த பிறகு. அந்தச் சலுகை இல்லாமல் போயிருந்தால் பாதிப் பேருக்குச் சற்று அதிகமானவர்களே தேறியிருப்பார்கள். 2025 முதல் தேர்வில் தேர்ச்சி சுமார் 66 சதவீதம். மூன்று ஆண்டுகளில் ஆசிரியர்கள் மாறவில்லை, பிள்ளைகளின் அறிவும் இவ்வளவு வேகத்தில் சரியவில்லை. அளவுகோல் மாறியது, அவ்வளவுதான். பழைய 83-க்குள் என்னென்ன கலந்திருந்தன என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

நூறு சதவீதத் தேர்ச்சிக்கு இன்னொரு வழியும் உண்டு. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ படிப்பில் பின்தங்கிய பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு போகும்படி சொல்லிவிடுவது. பேனர் சுத்தமாக இருக்கும். விலக்கப்பட்ட பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். நல்ல பிள்ளைகளை மட்டும் சேர்த்து நல்ல பிள்ளைகளாகவே வெளியே அனுப்பும் பள்ளியும், எழுத்துக்கூட்டத் தெரியாமல் வந்தவனை வாசிக்க வைத்து அனுப்பும் பள்ளியும் ஒரே பேனரில் ஒப்பிடப்படுவது அநியாயம். இரண்டாவது பள்ளி செய்த வேலையே பெரியது. அதை அளக்கும் எண் எந்தப் பேனரிலும் இல்லை.

வெளிநாட்டுப் பெற்றோர் இதில் நம்மைவிடத் தெளிவானவர்களா? நியூயார்க் நகரில் உயர்நிலைப் பள்ளிக்கு ஒவ்வொரு குடும்பமும் விருப்பப் பட்டியல் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல்களை ஆராய்ந்து 2020-ல் வெளியான கட்டுரையின் முடிவு வியப்பளிப்பது. பெற்றோர் விரும்பியவை படிப்பில் முன்னேறிய பிள்ளைகள் சேரும் பள்ளிகள். அந்தப் பள்ளி பிள்ளையின் கல்வியை எவ்வளவு உயர்த்துகிறது என்பதைத் தனியே பிரித்துப் பார்த்தால், பெற்றோரின் விருப்பத்தில் அதற்குத் தனி இடம் இருக்கவில்லை. பள்ளிகளைப் பற்றிய தகவல் வெளியிடப்படும் நகரிலேயே இதுதான் நிலை. ‘அங்கே நல்ல வீட்டுப் பிள்ளைங்க படிக்கிறாங்க’ என்று நம் தெருவில் சொல்லப்படுவதும் இதுவே. இந்தச் சொல்லுக்குள் சாதியும் மதமும் வருமானமும் மறைந்திருப்பதை நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும். பிள்ளை யாரோடு உட்காரும் என்பதைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தால், எல்லோரும் அதையே செய்யும்போது மிச்சப் பிள்ளைகள் மட்டும் ஒரே பள்ளியில் ஒதுங்கிவிடுவார்கள். பெங்களூருவின் அரசுப் பள்ளிகள் பலவற்றுக்கு நேர்ந்தது இதுதான்.

இந்தப் பிரிவினையைக் குறைக்கவே 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு வந்தது. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை ஏழை, ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும், கட்டணத்தை அரசு திருப்பித் தரும். லிங்கராஜபுரத்து ஆட்டோ ஓட்டுநரின் மகளும் வீட்டு வேலை செய்பவரின் மகனும் பெரிய பள்ளியின் படியேற இது வழி திறந்தது. பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த வழி சுருங்கியது.

முதலாவது, 2014 மே 6. மொழித் தீர்ப்பு வந்த அதே நாளில் அதே அமர்வு பிரமதி அறக்கட்டளை வழக்கில் இன்னொரு தீர்ப்பும் சொல்லியது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு, அரசு உதவி பெறுபவை உட்பட, கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்றது அது. நாட்டின் பல பகுதிகளில் இதன் விளைவு பெரிதாகத் தெரிந்திருக்காது. கிறித்துவப் பள்ளிகள் நெருக்கமாக இருக்கும் செயின்ட் தாமஸ் டவுன், காக்ஸ் டவுன், ஃபிரேசர் டவுன் பக்கத்துக் குடும்பங்களுக்கு, அவர்கள் ஆசைப்பட்ட பள்ளிகளே பட்டியலிலிருந்து விடுபட்டன. ஒரே நாளில் ஒரு கையால் தேர்வுரிமை கொடுத்து மறு கையால் தேர்ந்தெடுக்கும் இடங்களைக் குறைத்ததாகவே ஏழைப் பெற்றோரின் பார்வையில் இது அமைந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று, பிரமதி தீர்ப்பு சரிதானா என்பதைப் பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது.

இரண்டாவது, 2019 ஜனவரியில் கர்நாடக அரசு விதியை மாற்றியது. அருகில் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி அந்த இடங்களைத் தர வேண்டியதில்லை. நகரத்தில் அரசுப் பள்ளி இல்லாத வார்டு அரிது. ஆகவே பெங்களூருவில் அந்த ஒதுக்கீடு பெயரளவுக்கு மட்டுமே மிஞ்சியது. உயர் நீதிமன்றம் அதே ஆண்டு மே 31-ல் இதை ஏற்றது. மகாராஷ்டிரம் 2024-ல் இதே போன்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஒரே சட்டத்தின் கீழ் மும்பைப் பிள்ளைக்கு ஒரு நியாயம், பெங்களூருப் பிள்ளைக்கு ஒரு நியாயம்.

கர்நாடக அரசு தன் பக்கம் சொன்ன காரணத்தையும் தள்ளிவிட முடியாது. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 16,000 ரூபாய் வரை தனியாருக்குத் தருவதற்குப் பதில் அந்தப் பணத்தில் அரசுப் பள்ளியை மேம்படுத்தலாம் என்றது அரசு. சொல்லியபடி செய்திருந்தால் வாதம் நிற்கும். 2018-19-ல் கர்நாடகா பப்ளிக் ஸ்கூல் என்ற பெயரில் மழலையர் வகுப்பு முதல் பி.யு.சி. வரை ஒரே வளாகத்தில் நடத்தும் திட்டம் தொடங்கியது. 2019-20-ல் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்தன. அதற்கு முன்பே, 2019 ஜனவரியில், தார்வாடில் கூடிய கன்னட சாகித்திய சம்மேளனத்தின் தலைவர் சந்திரசேகர கம்பார இதைக் கடுமையாக எதிர்த்தார். கன்னடத்தின் எதிர்காலம் குறித்த அவருடைய கவலை உண்மையானது. ஆயினும் ஆங்கிலவழிப் பிரிவு வந்த பல பள்ளிகளில் பெற்றோர் வரிசையில் நின்றார்கள் என்பதும் உண்மை. இலவசப் பாடநூல், சீருடை, மதிய உணவு, 2013 முதல் பால், இவற்றோடு பயிற்சி பெற்ற ஆசிரியரும் கிடைக்கும் இடம் அரசுப் பள்ளி. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலையை மட்டும் உறுதிசெய்தாலே குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகள் பலவற்றைவிட அது மேலாக இருக்கும். கோவிட் காலத்தில் பெற்றோர் அரசுப் பள்ளிக்குத் திரும்பியதை நாடே கண்டது. பிள்ளைகளின் கற்றலை அளக்கும் அசர் ஆய்வின்படி கிராமப்புறங்களில் அரசுப் பள்ளியில் படிப்பவர்கள் 2018-ல் 65.6 சதவீதம், 2022-ல் 72.9. கையில் பணம் வந்ததும் 2024-ல் மறுபடி 66.8-க்கு இறங்கிவிட்டது. வந்த பிள்ளைகளைத் தக்கவைத்துக்கொள்ள அரசுப் பள்ளிகளால் முடியவில்லை.

பள்ளித் தரம் பற்றிய பேச்சில் யாரும் எடுக்காத ஓர் அளவையும் இங்கே சொல்ல வேண்டும். லிங்கராஜபுரத்தில்தான், ஹச்சின்ஸ் சாலையை ஒட்டி, மாற்றுத்திறனாளிகளுக்காக 1959-ல் என்.எஸ். ஹேமா தொடங்கிய அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிஸபிலிட்டி இயங்குகிறது. அவர்கள் நடத்திய ஷ்ரத்தாஞ்சலி ஒருங்கிணைந்த பள்ளியில் ஊனமுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படித்தார்கள். நடக்க முடியாத பிள்ளைக்காகச் சரிவுப் பாதை போட்ட பள்ளி, மெதுவாகக் கற்கும் பிள்ளைக்காகப் பாடத்தையும் நிதானப்படுத்தும். உங்கள் பிள்ளைக்கு நாளை கணக்கு வராமல் போனால் அவனை எப்படி நடத்துவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டருகே இப்படி ஒரு முன்மாதிரி இருந்தும், அட்மிஷன் பேச்சில் சரிவுப் பாதையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

தகவல் கொடுத்தால் பெற்றோர் அதைப் பயன்படுத்துவார்களா என்ற கேள்விக்குப் பாகிஸ்தானிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. தாஹிர் அந்த்ராபி, ஜிஷ்ணு தாஸ், ஆசிம் க்வாஜா மூவரும் பாகிஸ்தான் பஞ்சாபின் 112 கிராமங்களில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தார்கள். பாதிக் கிராமங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணும் ஊரிலுள்ள எல்லாப் பள்ளிகளின் சராசரியும் அதில் இருந்தன. வேறெதுவும் செய்யவில்லை. தாள் போன ஊர்களில் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது, தனியார் பள்ளிக் கட்டணம் சராசரியாக 17 சதவீதம் குறைந்தது, பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கூடினார்கள். மோசமான தனியார் பள்ளிகள்தாம் அதிகம் திருந்தின. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் நிறைந்த ஊர்கள் அவை. ஏழைகளுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்று பேசுவோர் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

எண்களை எப்படி வெளியிடுவது என்பதில் எச்சரிக்கையும் தேவை. இங்கிலாந்தில் 1992 முதல் பள்ளிகளின் தேர்வு முடிவுகளை வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள், பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வாளர்கள் முழுப் பள்ளியையும் ஒற்றைச் சொல்லில் தரம்பிரித்தார்கள். அந்த ஒற்றைச் சொல்லின் அழுத்தம் 2023 தொடக்கத்தில் ஒரு தலைமையாசிரியையின் உயிரைக் குடித்தது. 2024 செப்டம்பரில் அந்த முறையைக் கைவிட்டார்கள். பள்ளியை முத்திரை குத்தும் தகவல் பெற்றோருக்குத் தேவையில்லை. பிள்ளைகள் எங்கே தொடங்கி எங்கே வந்திருக்கிறார்கள் என்று சொல்லும் தகவலே தேவை.

அது கிடைக்கும்வரை பெற்றோர் தம் கையாலேயே சிலவற்றைச் செய்யலாம். ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியர் எண்ணிக்கை, மாணவர் எண்ணிக்கை, கழிப்பறை விவரம் யு-டைஸ் இணையதளத்தில் பார்க்கக் கிடைக்கிறது. முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது தொடக்க வகுப்புகளுக்குச் சட்டம் சொல்லும் அளவு, அதோடு ஒப்பிடலாம். சி.பி.எஸ்.இ. என்று பள்ளி சொன்னால் அந்த வாரியத்தின் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இல்லாத இணைப்பைச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று 2023 தொடக்கத்தில் பெங்களூருவில் பெற்றோர் பள்ளி வாசலில் போராட நேர்ந்தது. ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்கு டெஸ்ட், பெற்றோருக்கு இன்டர்வியூ என்று கூப்பிட்டால், கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. டொனேஷன் கேட்பதை 1984-ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டமும் தடுக்கிறது. ரசீது கேளுங்கள். அரசுப் பள்ளியில் சேர்ப்பவர்கள் பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழுவான எஸ்.டி.எம்.சி.யின் கூட்டத்துக்குப் போகலாம், அதன் உறுப்பினர்களில் பெரும்பான்மை பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பது விதி.

ஏற்கெனவே பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு அசர் முறையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி, கடன் வாங்கிக் கழிக்கும் ஒரு கணக்கு, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் ஒரு கணக்கு. 2024-ல் கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 48.8 சதவீதம் பேரே அந்தப் பத்தியை வாசித்தார்கள். தமிழில், கன்னடத்தில், ஆங்கிலத்தில் என்று மூன்றிலும் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். எதில் தட்டுத்தடுமாறுகிறான் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கர்நாடகப் பள்ளிக் கல்வித் துறை இதையே எல்லாப் பள்ளிகளிலும், அரசு, உதவி பெறும், தனியார் என்ற பேதமில்லாமல், மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஆண்டுதோறும் செய்து, முடிவைப் பள்ளி வாசலில் கன்னடத்திலும் அந்தந்தப் பகுதியில் பேசும் மொழியிலும் ஒட்ட வேண்டும். இடையில் டி.சி. வாங்கிப் போன பிள்ளைகளின் எண்ணிக்கையும் அதே தாளில் இருக்க வேண்டும். பெற்றோரே, நீங்கள் இந்த டிசம்பரில் விண்ணப்பம் வாங்கப் போகும் பள்ளியில், கட்டணத்தைக் கேட்கும் முன், மூன்றாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பிள்ளையின் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் பள்ளியில் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். பக்கத்திலுள்ள அரசுப் பள்ளியையும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.